நாலு விரற்கடை

காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள் அளப்பவர்கள்.
எட்டு மணிக்கு மேல் மஸாவாவில்
இரும்புக் கதவைத் தொட முடியாது என்று
யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

தலைநகரிலிருந்து மூன்று பேர்.
ஒருவன் கையில் தாள் செருகிய அட்டை,
ஒருத்தி கழுத்தில் கேமரா,
மூன்றாமவன் கிப்ரியாப்,
துறைமுகத்துக்கு வெள்ளைக் காலணியோடு வந்தவன்.

நான் பழைய சுங்கக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில்
இஞ்சி தட்டிப் போட்ட காப்பி விற்கிறேன்.
பெயர் சாலிஹா ஹுமத்.
அதற்குத் தாளில் இடமில்லை.
இருப்பதெல்லாம்
கட்டிய ஆண்டு, கட்டியவர், பாணி, சேதம், பயன்பாடு.

கட்டியவர் என்ற இடத்தில்
இத்தாலியப் பொறியாளர் ஒருவரின் பெயரை எழுதினான்,
நடுப்பெயரும் விடாமல்.
வாசல் வளைவில் கல்லிலேயே வெட்டியிருக்கிறது.
குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் காரை உதிர்ந்த இடத்தில் பாருங்கள்,
சுவர் முழுக்கக் கடல்.
மூளை மடிப்பு மாதிரிப் பவளம்,
தேனடை மாதிரிப் பவளம்,
நடுவே ஒரு சிப்பி
எதையோ சொல்ல வாய் திறந்து
அப்படியே நிற்கிறது.
தீவுகளுக்கு அப்பால் மூச்சடக்கி இறங்கியவர்கள்
பெயர்த்துக் கொண்டு வந்தது.
ஈரமாய் இருக்கும்போது அறுக்க வரும்,
காய்ந்தால் கல்.
எத்தனை பேர் இறங்கினார்கள்,
எத்தனை பேர் ஏறினார்கள் என்றேன்.
'உள்ளூர்க் கல்' என்று குறித்துக்கொண்டான்.

காற்று திசை மாறும் நாட்களில்
இந்தச் சுவருக்கு வியர்க்கும்.
அந்த உப்பை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.
புத்திசாலித்தனம் இல்லை, தெரியும்.

மேலே மரச்சல்லடை மாடம்.
துருக்கிய வேலை என்றாள் கேமராக்காரி,
எகிப்திய வேலை என்றான் அட்டைக்காரன்.
ஒரு காப்பி ஆறும் நேரம் வாதாடினார்கள்.
நடுச்சட்டங்கள் மூன்றும் என் கணவர் அடித்தவை,
தக்காளிப் பெட்டிப் பலகையில்.
அவற்றைத்தான் கிட்டப் போய்ப் படமெடுத்தாள்.

பிறகு சேதம்.
மேற்குச் சுவரில் குண்டுத் துளை நாற்பத்தொன்று.
நான் எண்ணியது வேறு கணக்கு,
வாயைத் திறக்கவில்லை.
சிலவற்றில் குருவி.
ஒன்றில் ஊசியும் நூலும்.
தோள் உயரத்தில் இருக்கிற ஒன்றை மட்டும்
நாங்கள் எதற்கும் பயன்படுத்துவதில்லை.

அட்டைக்காரன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான்.
ஏழு கயிற்றுக் கட்டில்,
மூன்று அடுப்பு,
கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைத் துணிகள்.
ஒன்றை ஒதுக்கிக் குனிந்து நுழைந்தபடியே எழுதினான்
பயன்பாடு: இல்லை.

நாடாவின் ஒரு முனையை
கிப்ரியாப் என்னிடம் நீட்டினான்.
"சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள் அம்மா,
அசையக் கூடாது."
மறுமுனையை இழுத்துக்கொண்டு
இருட்டுக்குள் நடந்தான்.

சுவரில் என் கையை வைத்தேன்,
சுண்டுவிரல் கல்லில் படும்படி நிறுத்தி.
கைக்கு இந்தப் பக்கம் நாடாவை வைத்தேன்.

"பதினெட்டு மீட்டர் இருபத்திரண்டு" என்று குரல் வந்தது.
"சரியாக இருக்கிறதா?"
"சரி" என்றேன்.

ஆக, அவர்கள் வரைபடத்தில்
இந்தக் கட்டிடம் நாலு விரற்கடை குறைவு.
அந்த நாலு விரற்கடை
எந்த அலுவலகத்திலும் இல்லை.
அதை ஏலம் விட முடியாது,
விடுதியாக்க முடியாது,
காலி செய் என்று தாள் ஒட்ட முடியாது.
ஒரு ஆள் ஒருக்களித்துக்கூடப் படுக்க முடியாத அகலம்தான்.
இருக்கட்டும்.

கிளம்பும்போது காலணியைத் துடைக்கத்
துணி கேட்டான் கிப்ரியாப்.
கைக்கு எட்டியது
சுவரில் அடைத்திருந்த கந்தல்.
உருவினேன்.
பின்னாலேயே சில்லறை கொட்டியது, ஒரு வாரத்து வியாபாரம்.
குனிந்து பொறுக்கிக் கொடுத்தான்.
நிமிர்ந்தபோது துளையைப் பார்த்தான்.
"நாற்பத்திரண்டா?" என்றான்.

அட்டை அதற்குள் வண்டியில் ஏறிவிட்டது.