கிழக்கே சமுத்திரம்

அளக்க வந்திருக்கிறேன்.
திருமுல்லைவாசலில் புல எண் சொன்னால்
யாருக்கும் தெரியாது.
"காத்து பங்களா" என்றால்
கண்டக்டரே விசிலடித்து இறக்கிவிடுகிறார்.

மூலப்பத்திரத்தில் நான்கு மால்:
வடக்கே உப்பனாறு,
மேற்கே தாழங்காடும் வண்டிப்பாதையும்,
தெற்கே சவுக்குத்தோப்பு,
கிழக்கே சமுத்திரம்.
அதோடு விட்டிருக்கலாம்.
"சமுத்திரம் இதில் சேராது" என்று
தனி வரி எழுதியிருக்கிறார்கள்.
வாங்கியவர் கேட்டுப் பார்த்திருப்பார் போல.

கூத்தாநல்லூர் சிக்கந்தர் ராவுத்தர்.
சைகோனில் மூன்று கடை.
சித்திரை வைகாசி இரண்டு மாதம் தங்க
நாற்பத்தாறு ஜன்னல் வைத்தார்.
மேற்கே ஒன்றுகூட இல்லை,
கச்சான் வந்தால் சுவரில் முட்டித் திரும்பட்டும்.
எல்லாம் கொண்டலுக்கு.
ஏழு வண்டி, இரண்டு ராத்திரி,
ஆடுகள், அண்டாக்கள், கைக்குழந்தைகள்.
அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிணறு;
இப்போதும் குடித்தேன், தித்திப்பு.

ஜன்னலுக்கு ஜன்னல் வண்ணக் கண்ணாடி
ஜொகரா பீவியின் பிடிவாதம்.
மாடியைவிட்டு இறங்காமலே
பச்சைக் கடல், குங்குமக் கடல் பார்த்தவர்.
நிஜத்தில் அது கத்திரிப்பூ நிறம் என்பார்;
பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள்.

யுத்தத்தில் சைகோன் கடைகள் போயின.
வண்டிகள் வருவது நின்றது.
அப்புறம் வௌவால், வழக்கு, வாய்தா.
அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை
மாடிப்படியில் ஏறி உயிர் பிழைத்தவர்கள்
எண்பதுக்கு மேல் என்கிறார்கள்.
என்னிடம் உள்ள பட்டியலில்
வாரிசுகள் பதினொரு பேர்.

மூன்று கல் கிடைத்தது. கிழக்குக் கல்லைக் காணோம்.
வலை பொத்திக்கொண்டிருந்த அஞ்சாப்புலி
தலை நிமிராமல் ஊசியால் காட்டினார்:
"அந்தா, ரெண்டாவது அலை மடியுது பாருங்க,
அதுக்கும் அந்தாண்ட.
வலை மாட்டுனா ராவுத்தர் கல்லுன்னு அர்த்தம்.
அதுக்கடியில கொடுவா கெடக்கும்,
எங்கப்பா காலத்துலேர்ந்து."

உதவியாளர் டேப்பின் நுனியோடு
இடுப்பளவு வரை போய்ப் பார்த்துவிட்டு
செருப்பு ஒன்றைத் தொலைத்துத் திரும்பினார்.

"கல் இல்லை" என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
"கல் உண்டு. எட்டவில்லை" என்றெழுதினேன்.
மேலதிகாரி திருப்பி அனுப்புவார், தெரியும்.

உடையாமல் மிஞ்சிய ஒரே கண்ணாடி வழியே
காலை வெயில் கூடத்தில் விழுந்து
விரித்த வரைபடத்தின் ஓரத்துக்கு வந்தது.
கத்திரிப்பூவேதான்.
பேனாவை மூடிவிட்டுக்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
வெளியே அஞ்சாப்புலி
கொடுவா ஒன்று வேண்டுமா என்று
கத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.