அணியமும் அமரமும்

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
இந்தத் தோள் இனி எதையும் இழுக்காது என்றார் மருத்துவர்.
ப்ரெய்ஷோ கேட்டது ஒன்றே ஒன்று:
சங்கிலியைக்கூடவா?

சங்கிலியைத்தான் என்றேன் நான்.

பத்தொன்பது கோடை அவன் அணியத்தில்,
நான் அமரத்தில், சுக்கான் பிடித்து.
இடையே பத்து மீட்டர் படகு, வாடைக் காற்று,
அவன் கத்தல்.

சிப்பி டின் அடைக்கும் ஆலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
கணக்கில்தான் தொடங்கினேன்.
நங்கூரம் பதினாறு கிலோ.
எட்டு மில்லிமீட்டர் சங்கிலி, அறுபது மீட்டர்,
எண்பத்து நாலு. சேறு தனி.
ஆக நூறு.
கல்யாணத்தன்று நாங்கள் இருவரும் சேர்ந்தே
நூற்றிருபதுதான்.

மின்சார வின்ச்சில் நிற்பது, படுப்பது என்று இரண்டு வகை.
படுப்பது மொத்தமாக மேல்தளத்தில் உட்கார்ந்துகொண்டு
முன்பாய்க் கயிற்றை வழிமறிக்கும்.
நிற்பது தலையை மட்டும் வெளியே நீட்டி
மோட்டாரைச் சங்கிலி அறைக்குள் தொங்கவிடும்,
விழுகிற சங்கிலிக்கு ஆழம் கேட்கும்.
டேப்போடு அறைக்குள் தலைகீழாகத் தொங்கினான் ப்ரெய்ஷோ.
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்! கால்கள் மட்டும் சொல்லின.
நிற்பதையே வாங்கினோம்.

கடைக்கார எலாடியோவுக்குச் சொல்லில் நம்பிக்கையில்லை.
எட்டு மில்லி என்று எல்லாரும் சொல்வார்கள்,
ஒரு கண்ணியைக் கொண்டு வா.
அறுத்தெடுத்த கண்ணி
என் கைப்பையில் உதட்டுச்சாயத்தோடு பேருந்தில் வந்தது.
சக்கரத்தின் பள்ளத்தில்
முன்பே பேசிவைத்தது போல உட்கார்ந்தது.

கம்பிதான் கழுத்தை அறுத்தது.
பேட்டரி நடுவில், மோட்டார் நுனியில்,
போகவும் வரவும் பதினாலு மீட்டர்.
மெலிந்த கம்பி என்றால்
வீடு வந்து சேர்வதற்குள் கரைந்த சம்பளம் மாதிரி
மின்சாரம் வழியிலேயே சூடாகிப் போய்விடும்.
சுண்டுவிரல் தடிமனில் செம்பு வாங்கினேன்.
வின்ச் விலையில் கால்பங்கு.
அந்த ரசீதை அவனிடம் காட்டவில்லை.

அரௌசா கழிமுகத்தில் அந்த வாரம் முழுக்க மழை.
ஒரே ஒரு பகல் விட்டது.
நல்ல படகில் ஓட்டை போடுவதைப் பார்க்கமாட்டேன் என்று
கரையேறிக் காபி குடிக்கப் போய்விட்டான்.
வட்ட ரம்பத்தை நான் பிடித்தேன்.
மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல்,
நடுவில் பால்சா மரம், பஞ்சாக.
தண்ணீர் குடித்தால் அழுகிவிடும்.
விளிம்பைச் சுரண்டி எடுத்து, எபாக்சி ஊற்றி,
ஒரு நாள் காத்திருந்து
அடைத்த ஓட்டையில் மறுபடி ஓட்டை போட்டேன்.
நிலத்தில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க முடியாது.

முதல் வெள்ளோட்டம், துறையிலேயே.
மேலே என்ற பித்தானை மிதித்தேன்.
நங்கூரம் கீழே போனது.
கம்பிகளை மாற்றிப் பூட்டியிருக்கிறேன்.
ப்ரெய்ஷோ சிரிக்கவில்லை.
அதை வரவில் வைத்தேன்.

ஜூலையில் சிப்பித் தெப்பங்களைத் தாண்டி
ஒரு ராத்திரி நங்கூரமிட்டுத் தூங்கினோம்.
விடிந்ததும் நான் அணியத்தில்.
அவன் அமரத்தில், முதல் முறை.
சங்கிலி செங்குத்தாக நின்றது, மோட்டார் முனகியது.
முன்னே போ என்று கத்தினேன்.
கையசைத்தான்.
முன்னே! முஷ்டியை ஆட்டினேன்.
சிரித்துக்கொண்டே பின்னே போனான்.
சர்க்யூட் பிரேக்கர் டப்பென்று விழுந்தது.

எஞ்சினை நியூட்ரலில் விட்டு
படகின் நீளம் முழுக்க நடந்து வந்தான்.
அங்கே எதுவுமே கேட்கவில்லை என்றான்.
ஒரு சொல்லுமா?
ஒரு சொல்லும்.

எனக்கும் காற்றுதான் கேட்டிருக்கிறது
பத்தொன்பது கோடையும்.
திட்டு என்று நானாக எழுதிக்கொண்டேன்.

என்னதான் கத்திக்கொண்டிருந்தாய், இத்தனை வருஷம்?

பெரும்பாலும் ஆழம்.
சில நாள்,
தோள் வலிக்கிறது என்று.

பிரேக்கரைத் தூக்கிவிட்டேன்.
அவன் திரும்பிப் போனான். முன்னே என்றால் ஒரு கை,
நிறுத்து என்றால் இரண்டு.
சங்கிலி ஏறியது, கண்ணி கண்ணியாக,
சாம்பல் சேறும் ஒரு உடைந்த சிப்பியும்.
வாளியில் மொண்டு ஊற்றிக் கழுவினேன்.