புகை

நாங்கள் திருச்செங்கோட்டு ஆட்கள்.
போரில் புகை கிளம்பினால்
தோட்டக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டோம்.
ராடைக் கழற்றி லாரியில் அடுக்கி
அடுத்த ஊர்.
வறண்ட கல்லின் மாவு அது.
எத்தனை பேர் வட்டிக்கு வாங்கிய காசு
வெள்ளையாய் எழும்பிப் போனதோ,
நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது தில்லி. ஜனவரி.
மெஹ்ரோலிப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பின்னால்
சூட்டுக்காகத் துளை போடுகிறோம்.
நோட்டு எழுதுவது என் வேலை.
எண்ணூறு மீட்டரில் நாற்பத்தாறு டிகிரி.
ஆயிரத்து இருநூறில் ஐம்பத்தேழு.
பிறகு பதினோரு நாள் கல் விடவில்லை.

'தண்ணி வந்துச்சா?' என்றாள் பாவாயி போனில்.
சூடு வரணும் என்றேன்.
'அதுக்கா அவ்வளவு தூரம்?
நம்ம மொட்டை மாடிய அனுப்பியிருக்கலாமே!'

கேட்டில் கேஸர் சிங்.
இரவெல்லாம் கையை அக்குளில் செருகிக்கொண்டு
எதையும் கொளுத்தாமல் உட்கார்ந்திருப்பார்.
ஒரே ஒரு முறை சொன்னார்:
சங்கம் விஹாரில் ஓர் அறை, சாத்திய கதவு,
உள்ளே கரி அடுப்பு.
தம்பியும் இன்னும் இரண்டு பேரும்
காலையில் எழுந்திருக்கவில்லை.
சொல்லிவிட்டு ஷூ கயிற்றை அவிழ்த்து
மறுபடி கட்டினார்.

ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
அறுபத்தெட்டு டிகிரி.
வால்வைத் திறந்தபோது
வெள்ளையாய் எழும்பியது.

என் கால் தானாகப் பின்வாங்கியது. ஃபெயிலு!
திரும்பினால் கேஸர் சிங்கும்
சுவரோடு ஒட்டி நிற்கிறார்,
மஃப்ளரை வாயில் அழுத்தியபடி.

முகத்தில் ஏதோ பட்டது.
ஈரம்.

'ஆவிங்க அது,' என்று சிரித்தார் இஞ்சினியரம்மா.

இப்போது வெளியே ஒன்றும் தெரிவதில்லை.
வெந்நீர் குழாய்க்குள்ளேயே வார்டுகளைச் சுற்றி
ஆறி வந்து
இன்னொரு துளை வழியே கல்லுக்குத் திரும்புகிறது.
உறிஞ்சும் துளைதான் பார்த்திருக்கிறேன்
இருபத்திரண்டு வருஷமாய்.
திருப்பித் தரும் துளை இதுதான் முதல்.
ஜூனில் இதை யாருக்கு விற்பார்களோ, தெரியாது.

குழாய் முழுக்கக் கறுப்பு உறை சுற்றியாயிற்று.
கேட்டுப் பக்கம், நாற்காலி உயரத்தில்,
ஒரு சாண் மட்டும் சுற்றாமல் கிடக்கிறது.
அங்கே இரண்டு கை
விடியும்வரை.

வெப்ப இழப்பு என்று ஒரு பத்தி உண்டு நோட்டில்.
அதை நான் நிரப்பவில்லை.