பதினான்கு வேற்றுமைகள்

நார்வாவில் ஆறுதான் எல்லை.
இக்கரையில் ஒரு கோட்டை, அக்கரையில் ஒரு கோட்டை,
முறைத்துக்கொண்டே இரண்டும் கிழடாகிவிட்டன.
இக்கரை எஸ்டோனியா.
ஆனால் ரொட்டிக்கடையில், பேருந்தில், சண்டையில், சவ அடக்கத்தில்
காதில் விழுவதெல்லாம் ரஷ்ய மொழி.

ரிம்மா மழலையர் பள்ளியில் கஞ்சி ஊற்றுபவள்.
ஐம்பத்து மூன்று வயது.
வேலை நிலைக்க வேண்டுமென்றால்
கோடைக்குள் எஸ்டோனியத் தேர்வில்
நூற்றுக்கு அறுபது வாங்க வேண்டுமாம்.
கடிதம் எஸ்டோனிய மொழியில் வந்திருந்தது.
அதைப் படித்துச் சொல்லச் சம்பளக் கணக்கர் தேவைப்பட்டார்.

செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு.
பிள்ளைகளின் மேசை, முழங்கால் இடிக்கும்.
முன்வரிசையில் வெல்டர் அர்க்காதி,
ஈரக் குடையோடு இரண்டு செவிலியர்.
ஆசிரியை உர்வே பலகையில் எழுதினாள்: கேல்.
நாக்குக்கும் அதுதான் பெயர், மொழிக்கும் அதுதான்.
அதன் கீழே பதினான்கு வேற்றுமைகள்.
(நமக்கு எட்டு. எட்டுக்கே விழி பிதுங்கியவர்கள் நாம்.)
உள்ளே போவதற்கு ஒன்று, உள்ளே இருப்பதற்கு ஒன்று,
உள்ளிருந்து வெளியேற ஒன்று,
இன்னொன்றாக மாறிப்போவதற்கு ஒன்று,
இல்லாமைக்கென்றே தனியாக ஒன்று:
கேலெத்தா. மொழியில்லாமல், நாக்கில்லாமல்.
"இது எனக்குப் பாடமே வேண்டாம்," என்றார் அர்க்காதி,
"முப்பது வருஷமாக இதில்தான் குடியிருக்கிறேன்."

ஊர் சும்மா இருக்குமா?
"யாரோடு பேசப்போகிறாய், அணில்களோடா?"
கீழ்வீட்டு ஸோயா கேட்டாள்.
தாலின் ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்
அவள் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார்.
"இத்தனை காலம் வாய்க்கு என்ன வந்ததாம்?"
கேட்டது ரஷ்ய மொழியில், ஒரு பிழையில்லாமல்.
அவள் எஸ்டோனியத்தில் பதில் திரட்டி முடிப்பதற்குள்
அவர் இறங்கும் நிலையம் வந்துவிட்டது.

ரிம்மாவின் மகன் பின்லாந்தில் இருக்கிறான்.
எட்டே மாதத்தில் ஃபின்னிஷ் பேசினான்.
கெட்டிக்காரப் பையன் என்று ஸோயா கேக் செய்து கொடுத்தாள்.
ஃபின்னிஷும் எஸ்டோனியமும் ஒன்றுவிட்ட சகோதரிகள்;
ஸோயாவுக்கு அது தெரியாது.
தெரிந்தாலும் கேக் திரும்பாது.
அக்காளுக்குக் கேக், தங்கைக்கு அணில்.
சதுக்கத்துக் காபிக் கடை
ஆங்கிலத்தில் மட்டும் பெயர் மாட்டியிருக்கிறது.
அதன் கண்ணாடி இன்றுவரை முழுசாக இருக்கிறது.

அக்டோபரில் ஒரு நாள் உர்வே
ஜாடியில் மீன் கொண்டுவந்தாள்.
ஆற்றில் பிடிபடுவது, விலாங்குபோல் நெளிவது,
சுட்டு, வினிகரில் ஊறவைத்தது.
அதன் பெயர் ஸில்ம்.
கண்ணுக்கும் பெயர் ஸில்ம்.
"எதைச் சொல்கிறோமென்று எப்படித் தெரியும்?"
செவிலியரில் ஒருத்தி கேட்டாள்.
நம் கணக்கில் ஆறாம் வேற்றுமை அது:
ஸில்மா என்றால் கண்ணினுடையது,
ஸில்மு என்றால் மீனினுடையது.
சும்மா இருக்கும்வரை இரண்டும் ஒன்று.
உன்னுடையது, என்னுடையது என்று
தொடங்கும்போதுதான் பிரிகின்றன.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அர்க்காதி இரண்டாம் துண்டை எடுத்துக்கொண்டார்.
வினிகர் அவர் தாடியில் சொட்டியது.

வாய்மொழித் தேர்வில்
அவளுடைய எதிர்காலத் திட்டம் என்னவென்று கேட்டார்கள்.
எஸ்டோனிய வினைக்கு எதிர்கால விகுதி கிடையாது,
நிகழ்காலத்தைக் கொண்டே ஒப்பேற்ற வேண்டும்.
ரிம்மா ஒப்பேற்றினாள்:
நாளை கஞ்சி ஊற்றுகிறேன்.
நாளை மறுநாள் கஞ்சி ஊற்றுகிறேன்.
கோடையில் மகனைப் பார்க்கிறேன்.
பிறகும் கஞ்சி ஊற்றுகிறேன்.
தேர்வாளர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

ஐம்பத்தெட்டு.

அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டிய திங்கட்கிழமை,
நான்கு வயது ஸாவ்வா கிண்ணத்தை நீட்டி
"காஷாத்" என்றான்.
கஞ்சி ரஷ்ய மொழியுடையது.
கொஞ்சம் போடு என்கிற வால் எஸ்டோனியத்துடையது.
இரண்டையும் ஒட்டியவனுக்கு
ஒட்டினோம் என்பதே தெரியாது;
மூக்கில் சளி, கையில் மரக்கரண்டி.
ரிம்மா அகப்பையை அந்தரத்தில் நிறுத்தி
மனசுக்குள் பட்டியலை ஓட்டிப் பார்த்தாள்.
வேற்றுமையில் பிழையில்லை.
ஊற்றினாள்.