பதினெட்டு

மூச்சு: நிமிடத்துக்குப் பதினெட்டு.
எழுதியவன் நான்.
எண்ணியவன் அல்ல.

எட்டு மணிக்குப் பதினெட்டு,
நள்ளிரவில் பதினெட்டு,
எனக்கு முந்திய ஷிஃப்டிலும் பதினெட்டு.
மனிதர் எல்லோரும் பதினெட்டில் மூச்சுவிடுகிற
ஒரு நாடு உண்டென்றால்
அது எங்கள் மூன்றாம் மாடி,
ஆண்கள் அறுவைப் பிரிவு, புந்தா அரேனாஸ்.

நீரிணையிலிருந்து கிளம்பிய காற்று
ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
பதினோராம் கட்டிலில் எலெயாசர் நாவெல்கின்,
அறுபத்தெட்டு வயது, ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்.
பெருங்குடலில் ஒரு சாண் வெட்டித் தைத்து
நான்காம் நாள்.
எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லது" என்பார்.
கத்தரியில் விரல் போயிருந்தாலும்
அதையேதான் சொல்லியிருப்பார்.

மூன்று மணிச் சுற்றுக்குத் தானிட்ஸா வந்தாள்.
மானிட்டரில் எல்லாம் பச்சை.
நாடி எண்பத்தெட்டு. காய்ச்சல் இல்லை.
ரத்த அழுத்தம் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து வைத்ததுபோல.
நான் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன்.
அவள் நகரவில்லை.

முழங்காலை மடித்துக்கொண்டு,
போர்வை வயிற்றில் படாமல்
இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி
படுத்திருந்தார் அவர்.

நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கவில்லை.
ஒரு முழு நிமிடம்,
கண் அவர் மார்பிலும் கடிகாரத்திலும்.
வார்டில் ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது எனக்கு.

இருபத்தெட்டு.

ஓடவில்லை அவள்.
தன்னையே கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறவள்போல
முணுமுணுத்தாள்.
வலியா? ஊசி போட்டு ஒரு மணி ஆகவில்லை.
பயமா? பயந்தவர் நம் கண்ணைத் தேடுவார்,
இவர் சுவரைப் பார்க்கிறார்.
நுரையீரலில் ரத்தக்கட்டா?
கெண்டைக்கால் இரண்டையும் அமுக்கிப் பார்த்தாள்;
அந்தக் கதவைச் சாத்தாமல்
ஒருக்களித்து வைத்தாள்.
காய்ச்சல் இல்லையே என்றேன்.
"ஆறு மணிக்கொரு தரம் பாரசிட்டமால் போகிறது.
எங்கிருந்து வரும்?"

பிறகு மருந்துச் சீட்டைத் திருப்பினாள்.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று,
இதயத்தை அடக்கிவைக்கும் மாத்திரை, ஒன்பது வருடமாக.
"உலீசெஸ், இது கடிவாளம் போட்ட குதிரை.
இந்த எண்பத்தெட்டு எண்பத்தெட்டே இல்லை."

சிறுநீர்ப் பையில் ஆறு மணி நேரத்துக்கு நூற்றிருபது மில்லி.
வடிகுழாயில் நேற்று இளஞ்சிவப்பு,
இப்போது கலங்கிய தேநீர்.
மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.
நேற்று மாலை மாத்தே கேட்டு அடம்பிடித்த மனிதர்
இன்று தண்ணீரையே ஒதுக்கிவைத்திருந்தார்.
ஒரு சோறு பதம் சொல்ல
உடம்பென்ன பானையா?

போன ஜூனில் இப்படித்தான்
டாக்டர் ஓயார்சோவைப் பாதித் தூக்கத்தில் வரவழைத்தாள்.
வெறும் வாயு.
ஒரு மாதம் அதைச் சொல்லியே சிரித்தார்கள்.
எண்ணை அழுத்தப் போன கட்டைவிரல்
ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன்.
அழுத்தினாள்.
"தையல் கசிகிறது என்று நினைக்கிறேன், டாக்டர்.
நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.
எண்களைச் சொல்கிறேன், கேளுங்கள்.
அப்புறம் வந்து வயிற்றில் கைவையுங்கள்."

வந்தார். வைத்தார்.
ஐந்து மணிக்கு அறுவை அரங்கின் விளக்கு எரிந்தது.

ஒன்பது நாள் கழித்து,
இடுப்பில் ஒரு பையோடு அதே கட்டிலுக்குத் திரும்பினார் எலெயாசர்.
எப்படி இருக்கிறது?
"நல்லது."
தானிட்ஸா நாற்காலியை இழுத்தாள்.

என் பதினெட்டுகளைப் பற்றி
அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அட்டவணையில் என் கையெழுத்துக்குக் கீழே
அவள் எழுதிய இருபத்தெட்டு, அவ்வளவுதான்.
அடித்துத் திருத்தியிருந்தால்கூடத்
தேவலை என்றிருந்தது.

நேற்று ஏழாம் கட்டிலில் எண்ணினேன்.
பதினெட்டு.
நிஜமான பதினெட்டு.
நம்பாமல்
இன்னொரு நிமிடம் உட்கார்ந்தேன்.