உறுதியில் விளா

உறுதியில் இப்படி இருக்கிறது:
தென்னை நாலு, மா ஒன்று,
கிணற்றில் அரைப் பங்கு,
விளா ஒன்று.

கச்சேரியில் காணிப் பிரிவு,
பதினோரு வருசம் எல்லை வாசித்த கண் என்னுடையது.
எழுதியதை நம்பித்தான்
சின்ன உப்போடையில் இந்த வளவை வாங்கினேன்.

பங்குனியில் இலை கொட்டிய பிறகு
காய்கள் தெரிந்தன.
வழவழவென்று, பச்சை வெளிறி மஞ்சளாய்.
விளாவுக்கு ஏது இந்த மினுக்கம்?
அதன் ஓடு
சாம்பல் பூசின சொரசொரப்பு அல்லவா.

ஒன்றைத் தரையில் போட்டுப் பார்த்தேன்.
விளாங்காய் துள்ளும், விளாம்பழம் துள்ளாது.
இது இரண்டுக்கும் ஒத்துவராமல்
உருண்டு, மதில் ஓட்டையால் நுழைந்து
தையல் மெசின் திருத்தும் டல்சியின்
வாசலில் போய் நின்றது.

"மர்மேலு!" என்றாள் டல்சி.
அவளுடைய வீட்டுப் பாசையில் மிஞ்சியிருக்கும்
இருநூறு சொற்களில் ஒன்றாம்.
தங்கை நொரீன் மெல்பேர்னிலிருந்து
அன்று காலைதான் படம் அனுப்பியிருந்தாள்:
அவளுடைய தோட்டத்துக் குவின்ஸ்,
கோழிக்குஞ்சின் பூமயிர் போர்த்த மஞ்சள் பழம்.
"அதுதான் இது. வெயிலுக்கு மயிர் கொட்டியிருக்கும்."

படத்தில் இலை தனித்தனி.
என் மரத்தில் மூன்று மூன்றாய்.
காட்டினேன்.
"இலையையா தின்னப்போறம்?" என்றாள்.

அம்மிக் குழவியால் மூன்று அடி.
உள்ளே செம்மஞ்சள் சதை,
விதையைச் சுற்றிக் கண்ணாடிப் பசை.
சந்தனமும் தபாற்கந்தோரும் சேர்ந்த வாசம்.
விரல் இரண்டும் ஒட்டிக்கொண்டன,
கழுவியும் விடவில்லை.

மறுகா
வேட்டித் துணியில் பிழிந்தோம்.
சீனி முக்கால் கிலோ, கறுவா ஒரு துண்டு,
தேசிக்காய் பாதி.
போனைச் சட்டிக்கு நேரே பிடித்தபடி டல்சி.
அங்கே இரவாகிவிட்டது, நொரீன் கொட்டாவி விட்டாள்.
"கிண்டு, கிண்டு. சிவக்கும்.
வெள்ளையாய்ப் போட்டாலும்
கடைசியில் மாணிக்கக் கல்லு மாதிரிச் சிவக்கும்."

ஒரு மணித்தியாலம்.
தேயிலைச் சாயம்.
ஒன்றரை.
அதே சாயம், கொஞ்சம் தடிப்பாய்.
காஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தேன்,
சத்தம் வெறுமையாய் வந்தது.

அந்த நேரம்தான் பூரணலெட்சுமி
பின்கதவால் எட்டிப் பார்த்தாள்.
"என்னகா, வில்வங்காயையா போட்டுக் காய்ச்சிறிங்க?"

திங்கள்தோறும் வெள்ளாப்பில் மதில் ஏறி
மாமாங்கத்துக்கு இலை பறிக்கிறாளாம்,
நான் வரும் முன்னமே, வந்த பிறகும்.
"கேட்டாத் தராட்டி என்ன செய்ற?
சாமிக்குத்தானே."
கோபப்பட யோசித்தேன்.
பிடிபட்ட அவள்தான்
பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு
சட்டிக்கு உப்புக் கல் ஒன்று போடச் சொன்னாள்.

டல்சி பேசவில்லை.
படத்தில் தங்கையையும் சட்டியையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
நொரீன் கேட்டாள்: "சிவந்ததா?"

காஸ் முடிந்தது.
போத்தலில் வார்த்தோம், இரண்டரைப் போத்தல்.
பாணில் பூசித் தின்றோம்.
இனிப்பு, அதற்குப் பின்னால்
மருந்துக் கடைக் கசப்பு.
பூரணலெட்சுமி இரண்டாம் துண்டு கேட்டாள்.

சட்டியைக் கழுவப் போனபோது
டல்சி கையைப் பிடித்தாள்.
அடிப்பிடித்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு,
தீய்ந்தும் தீயாமலும்
ஒரு சிவப்பு.

கரண்டியால் சுரண்டி எடுத்து,
வெளியே, வெயிலில்,
வெள்ளைக் கோப்பையில் வைத்துப்
படம் பிடித்தாள்.

அனுப்பியதற்கு அங்கிருந்து பதில் வரவில்லை,
நித்திரையாயிருப்பாள்.

உறுதியைத் திருத்த நொத்தாரிசிடம்
எவ்வளவு கேட்பார்கள் என்று
எனக்குத் தெரியும்.
போத்தலில் ஒட்டக் கடதாசி வெட்டினேன்.
பசைக்கு மட்டும் குறைவில்லை.
பேனையோடு நிற்கிறேன், மூன்று பேரும்
மூன்று பெயர் சொல்கிறோம்.