ஏழின் நடுவில் ஒரு கோடு

குவைத்தில் ஒன்பது வருடம்
பிறர் வீட்டுத் தரை துடைத்த ஜெஸீமா
தனக்கென்று இருபது பேர்ச் தேடி
கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்தாள்.
உட்துறைமுக வீதியில், என் கந்தோர் வாசலில்
குறுக்கே படுத்திருந்த மானைத் தாண்டி உள்ளே வந்து
பைக்குள் பை, அதற்குள் பை பிரித்து
மேசையில் விரித்தாள் ஒரு வரைபடம்.

"நிலாவெளி, மிஸ். படுத்தாக் கடல் கேக்குமாம்."

பார்த்தேன்.
வடக்கைக் காட்டும் அம்பு வடக்கைத்தான் காட்டியது.
கிழக்கே கரைவலைப் பாதை, மேற்கே தென்னந்தோட்டம்.
தெற்கெல்லையில் ஒரு கிணறு,
அதில் அரைப்பங்கு உரிமை என்றுகூட
மறக்காமல் எழுதியிருந்தான்.
பொய்யனுக்குத்தான் எத்தனை கவனம்.

கையொப்பம்: அருமைநாயகம், நில அளவையாளர்.
முத்திரை. முத்திரைக்குள் பதிவிலக்கம்.
தேதி, போன வைகாசி.

அவரை நான் கண்டதில்லை.
அவர் நட்ட கற்களைக் கண்டிருக்கிறேன்,
சாம்பல்தீவில், கும்புறுப்பிட்டியில்.
சண்டையில் வேலி போய், வீடு போய்
வெறுங்கையோடு திரும்பியவர்களுக்காகப்
பற்றை வெட்டி, அவர் அளவுகளின் பின்னால் போனால்
ஒரு முழத்துக்குக் கீழே
சொன்ன இடத்தில் கல் இருக்கும்.
ஏழு எழுதினால் நடுவில் சின்னதாய் ஒரு கோடு இழுப்பார்,
ஒன்றென்று எவரும் வாசித்துவிடாதபடி.

இந்தத் தாளில் ஏழுகள் மொட்டையாக நின்றன.

கொழும்புக்கு, எங்கள் சபைக்கு, போன் எடுத்தேன்.
ஒன்றை அழுத்தவும், மூன்றை அழுத்தவும்,
கொஞ்சம் வயலின்,
பிறகு ஒரு குரல், பேரேடு புரளும் சத்தம்.
"அவர் மோசம்போய்ப் பதினாறு வருஷம், மிஸ்.
இலக்கத்தை அன்றைக்கே மூடிவிட்டோம்.
வேறு ஆளுக்குக் கொடுப்பதில்லை."

பின்னேரம் கருவியோடு போனோம்.
முக்காலியை மணலில் ஊன்றிக்
குமிழி நடுவுக்கு வரும்வரை திருகினேன்.
அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
இருபது பேர்ச்சில் பதினொன்று
களப்புத் தண்ணீருக்குள் இருந்தது.
மிச்சத்தில் யாரோ ஒருவரின் மரவள்ளி,
காலையில் ஊற்றிய ஈரத்தோடு.
கிணறு இல்லவே இல்லை.
அவளுடைய வரவேற்பறையில்
ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது.

கடல் கேட்டது.
அந்த ஒன்று மட்டும் உண்மை.

முற்பணம் இரண்டு லட்சம் கொடுத்தாயிற்றாம்.
அழவில்லை. என்னைத் திட்டினாள்.
"மௌத்தான மனுசன்ட சீலக் கடையில வெட்டலாமெண்டா
உங்கட சபை என்னத்துக்கு?"

மதில் இல்லை, பேரேடு என்றேன்.
கேட்டால் சொல்லும்.
காசு கைமாறுமுன் கேட்கவேண்டும்.

அவளிடம் சொல்லாதது ஒன்று.
தியத்தலாவையில் எனக்கு அடுத்த மேசையில் படித்தவன்
மண்ணை மிதிக்காமலே
நான்கு வரைபடங்களில் கையெழுத்திட்டான்.
முத்திரை அசல். இலக்கமும் அசல்.
சபை விசாரித்தது. நான் சாட்சி சொன்னேன்.
அடிமட்டம் வைத்து அவன் பெயரின் மேல் கோடு போட்டார்கள்.
அவன் மனைவி இன்றைக்கும்
சந்தையில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் போவாள்.

இரவு முறைப்பாடு தட்டச்சானது,
சபைக்கொன்று, பொலிசுக்கொன்று, காணிப் பதிவகத்துக்கொன்று.
மூன்றிலும் ஜெஸீமா
எழுத்தெழுத்தாய்க் கையெழுத்து வைத்தாள்.
கூலி தந்தாள், குறைக்கச் சொல்லவில்லை.
எழும்பும்போது கேட்டாள்:
"அந்த லிஸ்ட்ல உங்கட பேர் இருக்கா, மிஸ்?"

இருந்தது. போனைத் திருப்பிக் காட்டினேன்.
அவள் போதாதென்று
நான் எழுதிக் கொடுத்த ரசீதை விளக்கின் கீழ் பிடித்து
என் இலக்கத்தை ஒவ்வொன்றாய் ஒத்துப் பார்த்தாள்.
கடைசியில் விரல் நின்றது.
"இது ஒண்டா, ஏழா?"

பேனையை வாங்கி
நடுவில் ஒரு கோடு இழுத்தேன்.